‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: சென்னையில் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்கிறேன். சீனாவிலிருந்து 4,800 பின்னலாடைகள் இறக்கினேன். வட்டக் கழுத்து, முழுக்கை. இடுப்பிலும் மணிக்கட்டிலும் ரிப் (இறுக்கிப் பிடிக்கும் பின்னல் பட்டை) உண்டு. 60% பருத்தி, 40% பாலியஸ்டர் என்று மில் சொன்னது. சுங்க ஏஜென்ட் ‘காட்டன் டி-ஷர்ட்’ என்று, சுங்கத் தீர்வை அட்டவணையின் 6109 10 00 என்ற எண்ணில் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு) போட்டார். சுங்க ஆய்வக அறிக்கையில் பாலியஸ்டர் 53% என்று வந்துவிட்டது. 6110 30-இல் தீர்வை கட்டச் சொல்கிறார்கள். ‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்தால் சரக்கு உடனே வெளியே வரும் என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா? அபராதம் வருமா?

பதில்: இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். டெமரேஜ் (சரக்கு துறைமுகத்தில் தங்குவதற்கான கட்டணம்) ஏறும் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மதிப்பீட்டை அதிகாரி மாற்றினால், 15 நாளுக்குள் காரணங்களோடு எழுத்துப்பூர்வ உத்தரவு தர வேண்டும் என்கிறது சுங்கச் சட்டம் 17(5) பிரிவு. இறக்குமதியாளர் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் மட்டும் அந்தக் கடமை அதிகாரிக்கு இல்லை. அந்தக் கடிதம் கோப்பில் ஏறிவிட்டால், பிறகு மேல்முறையீட்டில் ‘நீங்களே ஒப்புக்கொண்டீர்களே’ என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி சரக்குக்கு வருவோம். 6109-ஆ (டி-ஷர்ட் தலைப்பு), 6110-ஆ (ஸ்வெட்டர், ஸ்வெட்ஷர்ட் போன்றவற்றின் தலைப்பு) என்பதில் அதிகாரி சொல்வதுதான் சரி. இதை மறைத்துப் பேசி உங்களை வழக்குக்கு இழுக்க நான் விரும்பவில்லை. உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள், அடிப்பகுதியில் ரிப் பட்டையோ இழுகயிறோ வைத்து இறுக்கிய ஆடையை டி-ஷர்ட் தலைப்பிலிருந்து வெளிப்படையாக விலக்குகின்றன. அந்தக் குறிப்புகள் நம்பத்தக்க வழிகாட்டி என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் வுட் கிராஃப்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒரு பீஸை உள்பக்கம் திருப்பித் தடவிப் பாருங்கள். பிரஷ் பண்ணிப் பஞ்சுபோல இருந்தால், ரிப் இல்லாமலே கூட அது டி-ஷர்ட் ஆகாது. கடையில் எந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்பது இங்கே எடுபடாது.

உங்களுக்குப் போராட இடம் இருப்பது 6110-க்கு உள்ளே. பருத்தி என்றால் 6110 20, செயற்கை இழை என்றால் 6110 30. கலப்புத் துணியில் எடையில் எது அதிகமோ அதுவாகவே முழு ஆடையும் கொள்ளப்படும். தீர்வை அட்டவணையின் இந்த அத்தியாயத்தில் பல ஆடைகளுக்கு மதிப்பில் இத்தனை சதவீதம் அல்லது பீஸுக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது என்று தீர்வை இருக்கிறது. விலை குறைந்த சரக்கில் அந்த பீஸ் கணக்குதான் கடிக்கும்.

ஆகவே நான் முதலில் கேட்பது: ஆய்வகத்துக்குப் போன வெட்டுத்துண்டு உடல் பகுதியிலிருந்து எடுத்ததா, ரிப்பிலிருந்தா? ரிப்பின் நூல் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆடையை வகைப்படுத்துவது உடல் துணி. ரிப்பைச் சோதித்து முழுச் சட்டையின் இழையைத் தீர்மானிக்க முடியாது. 2017-இல் வந்த மத்திய சுங்க வாரியச் சுற்றறிக்கைப்படி, சோதனை முடிவு கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் மறுசோதனை கேட்டு எழுத வேண்டும். அதை இன்றே கொடுங்கள். வெட்டுத்துண்டு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்றும் அதிலேயே கேளுங்கள். மில்லின் சோதனைச் சான்று, பர்ச்சேஸ் ஆர்டர் இரண்டையும் இணையுங்கள்.

அதுவரை சரக்கு துறைமுகத்தில் கிடக்க வேண்டியதில்லை. 18-ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரமும் பிணையும் கொடுத்து எடுக்கலாம்.

அபராதம் பற்றி: வகைப்பாட்டை ஒருவர் தன் நம்பிக்கைப்படி கோருவது தவறான அறிவிப்பு ஆகாது என்று நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சரக்கின் விவரத்தையே மாற்றிச் சொல்வது வேறு; அது 111(எம்) பிரிவில் பறிமுதல் வரை போகும். விற்றவரின் இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் ‘ஸ்வெட்ஷர்ட்’ என்று இருந்து, ஏஜென்ட் அதை ‘டி-ஷர்ட்’ ஆக்கியிருந்தால், உங்கள் பலவீனம் அங்கேதான். அப்படியானால் யார் சொல்லி மாற்றினார் என்பதை, அவருக்கும் உங்களுக்கும் நடந்த மின்னஞ்சல்களோடு தேதி வாரியாக எடுத்து வையுங்கள்.

பாதகமான உத்தரவு வந்தால், அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆணையரிடம் (மேல்முறையீடு) போக வேண்டும். சர்ச்சைக்குரிய தீர்வையில் 7.5%-ஐ மேல்முறையீட்டுக்கு முன்வைப்பாகக் கட்டியாக வேண்டும். உத்தரவு வந்த உறையையும் தூக்கி எறியாதீர்கள், தபால் முத்திரையின் தேதி தேவைப்படும்.