கேளுங்கள், சொல்கிறேன்: மழை மாதத்துக்குத் திகில் நாவல்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. பெரியவர்கள் படிக்க, புதிதாக வந்த திகில் நாவல் எது? குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆறு மணிக்கே பாதிக் கடைகள் சாத்திவிடும், கரண்டும் போய்விடும். அந்த நேரத்தில் இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்புதான். கீழ் குன்னூரில் 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவள் நான். முழுசாகப் படித்த புத்தகங்களை மட்டும் சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த மாதம்.

அக்கா, மாத நாவல்களில் வந்த பேய்க்கதைகளைப் படித்து வளர்ந்தவள் நான். வயது 41. இப்போது இங்கிலீஷிலும் படிக்கிறேன். சும்மா ரத்தம் தெறிக்கிற கதை வேண்டாம். நல்லதாக ஒன்று சொல்லுங்கள். (கோத்தகிரி வாசகி)

சில்வியா மொரேனோ-கார்சியா எழுதிய 'மெக்சிகன் காதிக்'. 2020-ல் வந்தது. உங்கள் கையில் முதலில் கொடுக்க வேண்டியது இதுதான்.

கதை நடப்பது 1950-ல், மெக்சிகோவில். நோயெமி தலைநகரத்துப் பணக்கார வீட்டுப் பெண். பார்ட்டி, சிகரெட், நல்ல உடை என்று இருப்பவள். கல்யாணமாகி மலைக்குப் போன ஒன்றுவிட்ட அக்காவிடமிருந்து குழப்பமாக ஒரு கடிதம் வருகிறது. கணவன் தனக்கு விஷம் வைக்கிறான் என்கிறாள், அந்த வீடே சரியில்லை என்கிறாள். என்ன ஏது என்று பார்க்க நோயெமி மலையேறுகிறாள். அங்கே வெள்ளிச் சுரங்கம் நடத்தி நொடித்துப்போன ஓர் ஆங்கிலேயக் குடும்பம். சாப்பாட்டு மேஜையில் வாய் திறக்கக் கூடாது. சிகரெட் கூடாது. தோட்டத்துக்கு ஐரோப்பாவிலிருந்து மண்ணையே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இங்கிலீஷ்காரர்களின் கல்லறைத் தோட்டம். எப்போதும் பனிமூட்டம்.

நமக்கு இதை யாராவது விளக்க வேண்டுமா? ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த மரம். ஒருத்தர் வீட்டைப் பிரித்து இன்னொருத்தர் கோயிலைக் கட்டிய மலை இது. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகளில் வயதை மட்டும் படித்துக்கொண்டு நடந்து பாருங்கள், எத்தனை குழந்தைகள் என்று தெரியும். மொரேனோ-கார்சியாவின் மலையும் கற்பனையில் மட்டும் பிறந்ததில்லை. மெக்சிகோவில் ரியல் டெல் மான்டே என்ற ஊரில் 1820-களில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு ஆட்கள் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் அங்கே இருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த இறைச்சிப் பலகாரத்தை ஊர்க்காரர்கள் இன்றும் சுட்டு விற்கிறார்கள். அந்த ஊரை மனதில் வைத்துத்தான் நாவலை எழுதினார்.

இந்தக் கதையில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு மேல் சொன்னால் உங்கள் ரசனையைக் கெடுத்ததாகும். நான் இதைப் படித்தது ஒரு நவம்பரில். பத்து நாளாக வெயிலே இல்லை. பாதிப் புத்தகத்தில் இருந்தபோது ஒரு சாயங்காலம் கையில் எடுத்தால், அட்டையின் உள்பக்கம் தையல் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாக வட்டங்கள். விரலால் தொட்டதும் மாவு மாதிரி ஒட்டியது, ஈர மண் வாசனை வந்தது. கதைக்குள் சுவரில் வளர்வது என் கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம்தான் மீதியைப் படிக்க முடிந்தது.

(பூசணம் பிடித்த புத்தகத்தை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், கறை உள்ளே இறங்கிவிடும். பத்து பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு வைத்து, காற்றாடும் இடத்தில் நிற்க வைத்துக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வாசலுக்கு எடுத்துப் போய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் மற்ற புத்தகங்களுக்கும் பரவும்.)

முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும், விட்டுவிடாதீர்கள். பெண்ணின் உடல்மேல் அத்துமீறும் காட்சிகள் உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். இலை வாடும் நேரத்தில் கொஞ்சம் படிக்க முடியும். என் இங்கிலீஷ் சுமார்தான். சின்னப் புத்தகமாகச் சொல்லுங்கள் அக்கா. (கேத்தி வாசகர்)

தம்பி, டி. கிங்ஃபிஷர் எழுதிய 'வாட் மூவ்ஸ் தி டெட்' (2022). இருநூறு பக்கத்துக்கும் குறைவு. எட்கர் ஆலன் போ 1839-ல் எழுதிய அஷர் வீட்டுக் கதையை எடுத்துப் புதிதாகச் சொல்கிறது. பழைய கதையைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர், நோயில் கிடக்கும் பழைய சிநேகிதியைப் பார்க்கப் போகிறார். வீட்டைச் சுற்றி முயல்கள் நடக்கிற விதம் சரியில்லை. அவ்வளவுதான் சொல்வேன். இதிலும் பூஞ்சை வரும். தான் எழுதிக்கொண்டிருந்தபோது 'மெக்சிகன் காதிக்' படிக்க நேர்ந்து கலங்கிப்போனதை ஆசிரியரே பின்னுரையில் மனசு திறந்து சொல்கிறார். வாக்கியங்கள் நேராக, பேசுகிற மாதிரி இருக்கும். தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிப் போங்கள், கதை விட்டுப்போகாது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. நம்பாதவன் திகில் நாவல் படித்து என்ன பயன்? (கூடலூர் வாசகர்)

ஐயா, உங்களுக்காகவே ஒரு புத்தகம் இருக்கிறது. தனனரீவ் டியூ எழுதிய 'தி ரிஃபர்மேட்டரி' (2023).

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் டோசியர் என்ற பெயரில் பையன்களுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்று இருந்தது. 1900-ல் திறந்தது, 2011-ல்தான் மூடினார்கள். அடி, சித்திரவதை, காணாமல் போன பிள்ளைகள் என்று வருடக்கணக்காகப் புகார்கள். மூடிய பிறகு தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த வளாகத்தைத் தோண்டி, 55 புதைகுழிகளைக் கண்டுபிடித்து, உடல் எச்சங்களை எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் 1937-ல் இறந்த ராபர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற பையன் நாவலாசிரியருடைய அம்மாவுக்கு மாமா முறை. தன் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்ததே டியூவுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

நாவலில் பள்ளியின் பெயரை மாற்றி, கதையை 1950-க்குக் கொண்டுபோய், நாயகனுக்கு அந்தப் பையனின் பெயரையே வைத்தார். பன்னிரண்டு வயது ராபர்ட் ஒரு வெள்ளைக்காரப் பையனை எட்டி உதைக்கிறான். எதற்கு? தன் அக்காவிடம் அவன் தவறாக நடந்துகொண்டான் என்று. அதற்கு ஆறு மாதத் தண்டனை. பள்ளியில் அவனுக்குச் செத்துப்போன பிள்ளைகள் கண்ணில் படுகிறார்கள். கண்காணிப்பாளர் அதைத் தெரிந்துகொண்டு, இவனை வைத்தே அந்த ஆவிகளைப் பிடிக்கப் பார்க்கிறார்.

நீங்கள் பேயை நம்ப வேண்டியதில்லை ஐயா. இந்தப் புத்தகத்தில் நான் நடுங்கியதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்துத்தான். ஆவியாக வரும் பிள்ளைகளை நினைத்து அழுதேன். கிட்டத்தட்ட அறுநூறு பக்கம். வகுப்பறையில் பிள்ளைகளோடு இத்தனை வருடம் இருந்தவர் நீங்கள், என்னைவிட அதிகமாகவே உங்களைத் தொடும். நடுவில் இரண்டு நாள் மூடி வைக்க வேண்டிவந்தால் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

காடு, மிருகம் வருகிற திகில் கதை ஏதாவது? (வெலிங்டன் வாசகர்)

ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸ், 'தி ஒன்லி குட் இண்டியன்ஸ்' (2020). 'செத்த இந்தியன்தான் நல்ல இந்தியன்' என்று அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் சொன்ன குரூரமான பேச்சு ஒன்று உண்டு. தலைப்பு அதிலிருந்து வந்தது. ஆசிரியர் பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். நான்கு நண்பர்கள், தங்கள் குடியின் முதியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய காட்டுப் பகுதியில் புகுந்து எல்க் மான் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அதில் ஒன்று சினையாக இருந்தது. பத்து வருடம் கழித்து அது கணக்குத் தீர்க்க வருகிறது.

எனக்கு இந்த நாவல் ஏன் இவ்வளவு பதிந்தது என்று சொல்கிறேன். படித்து முடித்த வாரம், ராத்திரி எட்டு மணிக்குக் குப்பைக் கூடையை உள்ளே எடுக்க வாசலுக்குப் போனேன். மேகம் இறங்கி, தெருவிளக்கு ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே காட்டெருமை ஒன்று. குன்னூரில் காட்டெருமை பார்ப்பது புதுசில்லை, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வருகிறது. ஆனால் இது வயிறு தொங்கி, நிறைசினையாக நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கால்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. மூச்சு விடுவது கேட்டது. நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. பிறகு தேயிலைச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. அது போன பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலையில் 19-ஆம் நூற்றாண்டில், நோய் வந்தாலும் சாவு வந்தாலும் இங்குள்ள பழங்குடிகளான குறும்பர்கள் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பழிபோட்டு அவர்களைக் கொன்றிருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளில் இருக்கும் விஷயம் இது. இன்றைக்கும் மலைவாழ் மக்களை மந்திரவாதிகளாகக் காட்டும் கதைகள் வருகின்றன. எனக்கு அவை வேண்டாம். ஜோன்ஸ் தன் மக்களின் பயத்தை உள்ளேயிருந்து எழுதுகிறார், அதனால்தான் இந்த நாவலை எல்லோரிடமும் நீட்டுகிறேன். நாய்களுக்கு நேரும் கொடுமை உண்டு. நாய் வளர்ப்பவர்கள் யோசித்து எடுங்கள்.

மனித இறைச்சி பற்றிய அந்த அர்ஜென்டினா நாவலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே? (குன்னூர் வாசகி)

அகுஸ்டினா பஸ்டெரிகாவின் 'டெண்டர் இஸ் தி ஃபிளெஷ்'. ஸ்பானிஷில் 2017, இங்கிலீஷில் 2020. பலமான புத்தகம், கடைசிப் பக்கம் வரை இளகவே இளகாது. நான் ஒரு தரம் படித்தேன், இனி எடுக்க மாட்டேன். கர்ப்பிணிகளுக்கும், சமீபத்தில் வீட்டில் துக்கம் கண்டவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

பத்தாவது படிக்கும் மகள் கேட்கிறாள், கொடுக்கலாமா? (ஊட்டி வாசகி)

மேலே சொன்ன எதையும் இப்போது வேண்டாம். நான்கைந்து வருடம் போகட்டும்.

எல்லாம் இங்கிலீஷாகவே சொல்கிறீர்களே, தமிழில் இல்லையா? (குந்தா வாசகர்)

நியாயமான கேள்வி. சிறுகதை என்றால் 'காஞ்சனை'யை விடப் பெரியதாக எனக்கு எதுவும் தெரியாது. ஒரு எழுத்தாளர் வீட்டில் அவர் மனைவி ஒரு பிச்சைக்காரியைச் சேர்த்துக்கொள்கிறாள். வந்தவள் பேயா, இல்லை அவருடைய மனமா என்று புதுமைப்பித்தன் கடைசிவரை தீர்த்துச் சொல்வதில்லை. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பையும் தேடிப் படியுங்கள். பெரியவர்களுக்கான புதிய திகில் நாவல்தான் நம்மிடம் குறைவு. மாத நாவல் காலத்திலிருந்தே கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துவிடும் பழக்கம் நமக்கு. வில்லன் வெள்ளைப் புடவை கட்டி மிரட்டினான் என்று முடிந்தால், அதுவரை பட்ட பயம் வீணாகிவிடுகிறது.

கதைக்கா பஞ்சம்? நடுவட்டத்தில், மலேரியா மருந்துக்கான சின்கோனா மரத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்த பழைய ஜெயில் கட்டடம் இருக்கிறது. கடல் தாண்டி வந்து, இந்தக் குளிரில் செத்து, பாஷை தெரியாத மண்ணில் புதைந்தவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் சொல்லும் கதைகள் இருக்கின்றன. வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்த 'எரியும் பனிக்காடு' திகில் நாவல் இல்லைதான். ஆனால் அதைப் படித்த ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை. நடுவட்டத்துக்காரர் யாராவது அந்த ஜெயிலை வைத்து ஒரு நாவல் எழுதினால், கையெழுத்துப் பிரதியாகவே அனுப்புங்கள், படித்துப் பார்த்து எழுதுகிறேன்.

இந்தப் புத்தகங்களை எங்கே வாங்குவது? நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே. (அரவேணு வாசகர்)

வேண்டாம். சமவெளியில் ஒரு கடையில் நானும் அப்படி ஒன்று வாங்கினேன். முடிவுக்கு வரும்போது பதினாறு பக்கம் இல்லை, அதற்குப் பதிலாக நடுவிலிருந்த பக்கங்களே மறுபடி வந்தன. அது திருட்டு அச்சு, எழுதியவருக்கு ஒரு பைசா போவதில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கிளை நூலகத்தில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

என்னிடம் இருக்கும் 'ரிஃபர்மேட்டரி' இப்போது வெலிங்டனில் ஒருவர் கையில் இருக்கிறது. தீபாவளிக்குள் தருகிறேன் என்றிருக்கிறார். வந்ததும் கூடலூர் ஐயாவுக்குப் பழைய ரெயின்கோட் துணியில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.