கூடத்தில் ஆடும் விளையாட்டு: அந்தப் பழைய கேமராவை வாங்கலாமா?

கேள்வி: மே விடுமுறைக்கு நாத்தனார் குடும்பமும் கொழுந்தனார் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். டிவி முன்னால் நின்று, திரையில் வரும் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து நடனம் ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்றை வாங்க ஆசை. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360 (மைக்ரோசாஃப்டின் வீடியோ விளையாட்டுக் கருவி) பெட்டியைக் கைனெக்ட் கேமராவுடன் 14,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். மேலும் 3,000 கொடுத்தால் தமிழ்ப் பாடல்களையும் ஏற்றித் தருவாராம். எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. முழங்கால் வலியுள்ள மாமியாரும் ஆட விரும்புகிறார். கொழுந்தனாரிடம் பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டி) இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

கைனெக்ட் என்பது ஆடுபவரின் உடல் முழுவதையும் பார்த்து மதிப்பெண் போடும் கேமரா. 2010-இல் வந்தபோது அது வியப்பான கருவியாக இருந்தது என்பதில் ஐயமில்லை; ஆனால் மைக்ரோசாஃப்ட் 2017-இலேயே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது, எக்ஸ்பாக்ஸ் 360-க்கான இணையக் கடையையும் 2024 ஜூலையில் மூடிவிட்டது. இனி அந்தப் பெட்டிக்குப் புதிய பாடல் எதையும் அங்கே விலைக்கு வாங்க முடியாது. அதைவிட முக்கியமானது உங்கள் கூடத்தின் அளவு. இக்கேமராவுக்கு ஒருவர் ஆட ஏறத்தாழ 6 அடியும், இருவர் ஆட 8 அடியும் இடைவெளி வேண்டும். பன்னிரண்டு அடியில் டிவி மேசைக்கு ஒன்றரை அடியும் சோபாவுக்கு மூன்றடியும் போனால் மிஞ்சுவது ஏழரை அடிதான். அப்படியே இடம் கிடைத்தாலும், ஒரே நேரத்தில் இரண்டு பேரின் அசைவுகளை மட்டுமே அது முழுமையாகத் தொடரும் என்பதால், மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். இதைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தமிழ்ப் பாடல்களை ஏற்றித் தருவதாகச் சொல்வது நம்பத் தகுந்ததன்று. இவ்வகை விளையாட்டில் பாடல் என்பது வெறும் ஒலிக்கோப்பு அன்று. ஒவ்வொரு பாடலுக்கும் நடனம் அமைத்து, எந்த நொடியில் உடல் எப்படி அசைய வேண்டும் என்பதைத் தரவாகப் பதித்து, அதன் பிறகே அதை விளையாட்டில் சேர்க்கிறார்கள். பென்டிரைவில் பாட்டை ஏற்றிக்கொடுப்பதால் விளையாட்டு அதற்கு மதிப்பெண் போடாது. பெரும்பாலும் இவர்கள் செய்வது, பெட்டியின் மென்பொருள் பூட்டை உடைத்து நகல் விளையாட்டுகளை நிரப்பித் தருவதுதான். அப்படிப்பட்ட பெட்டி பழுதானால் எங்கும் முறையாகக் கேட்க முடியாது.

உறவினர் யாரேனும் அதே பெட்டியை இலவசமாகவே கொடுத்து, உங்களுக்கு வேறொரு பெரிய கூடமும் இருந்தால் மட்டும் என் கருத்து மாறும். அப்போதும் மின்சாரத்தைப் பார்க்காமல் செருகாதீர்கள். அமெரிக்க வீடுகளில் ஓடுவது 120 வோல்ட், நம்முடையது 230. அங்கே விற்ற எக்ஸ்பாக்ஸ் 360-உடன் வந்த, பெட்டிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் கனமான மின்கட்டி நம் மின்சாரத்துக்கானதன்று. செருகிய கணமே கருகிப்போகலாம். கட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 'இன்புட்' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்களைப் படியுங்கள்: 240 வரை தாங்கும் என்று இருந்தால் பயமில்லை, 127-உடன் நின்றுவிட்டால், வோல்ட்டைக் குறைத்துத் தரும், 300 வாட் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. முனையை மாற்றும் சிறு அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. இந்த ஒரு தவறால் பாழான பெட்டிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். முதலில் வெளிவந்த பருத்த மாடலாக இருந்தால், கேமராவுக்கென்று தனி மின்கம்பியும் வேண்டும். பழைய பொருள் விற்பவர்கள் தவறாமல் தொலைத்துவிடுவது அதைத்தான்.

உங்களுக்கான வழி கொழுந்தனாரின் பிஎஸ்4-லேயே இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'ஜஸ்ட் டான்ஸ்' என்ற நடன விளையாட்டு வரிசையில் பிஎஸ்4-க்கு வந்த கடைசிப் பதிப்பு 'ஜஸ்ட் டான்ஸ் 2022'. அதையோ அதற்கு முந்தைய பதிப்பையோ வட்டாகவே (டிஸ்க்) வாங்குங்கள். பழைய வட்டானாலும் கீறல் இல்லாவிட்டால் போதும். கேமரா தேவையில்லை. அதற்குரிய செயலியைக் கைபேசியில் நிறுவி, கைபேசியையும் பெட்டியையும் ஒரே வைஃபையில் இணைத்து, வலக்கையில் பிடித்துக்கொண்டு ஆடினால், ஆறு பேர் வரை ஒரே நேரத்தில் சேரலாம். வட்டுக்குப் பணம் கொடுக்கும் முன், அந்தப் பதிப்புக்கான செயலி உங்கள் கைபேசிகளில் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

விளையாட்டு கணக்கெடுப்பது கைபேசி பிடித்திருக்கும் அந்த வலக்கையின் அசைவை மட்டுமே என்பதால், உங்கள் மாமியார் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடி, நின்று ஆடும் பேரப்பிள்ளைகளுக்கு இணையாக மதிப்பெண் வாங்கலாம். கைனெக்டில் இது நடக்காது. உட்கார்ந்திருப்பவரின் காலசைவைத் தேடி அது தடுமாறும். குதிக்கும் பாடல்களை மட்டும் அவருக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

கடையில் '2023' அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு போட்ட 'ஜஸ்ட் டான்ஸ்' உறையை யாராவது மலிவாக நீட்டினால் ஏமாறாதீர்கள். அவை பிஎஸ்4-இல் ஓடா; அது மட்டுமன்றி, உறைக்குள் வட்டே இருக்காது, ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடு அச்சிட்ட தாள்தான் இருக்கும். முதலில் வாங்கியவர் அதைப் பயன்படுத்திவிட்டால், இரண்டாம் கையாக நீங்கள் வாங்குவது வெறும் பிளாஸ்டிக் உறை. வட்டு இல்லை என்பதை அட்டையில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் நிறுவனங்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது; குழந்தைக்குப் பரிசு வாங்க வரும் தாத்தா பாட்டி அதை எப்படிப் படிப்பார்கள்?

ஆடத் தொடங்கும் முன் டிவியில் 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஒலியை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்காமல் டிவியிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் பாட்டும் திரையும் முன்பின்னாகி, சரியாக ஆடியவருக்கும் மதிப்பெண் குறையும். டைல்ஸ் தரையில் காலுறையோடு யாரையும் ஆடவிடாதீர்கள். கைபேசியை வியர்வை துடைத்த கையால் இறுகப் பிடிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கையிலிருந்து நழுவிப் பறக்கும் கைபேசி நேராகப் போய் விழுவது டிவி திரையில்தான்.