கண் வெளியே தள்ளுது டொக்டர்: வன்னி வாசகர் கேள்விகள்

மல்லாவியிலிருந்து: மனைவிக்குத் தைரொயிட் சுரப்பு கூடிப்போச்சு. ஆறு மாதமாகக் கண் இரண்டும் முழித்தபடி வெளியே தள்ளி நிற்குது. வெளிநாட்டில் புது ஊசி வந்திருக்கென்று மகன் சொல்கிறான். உண்மையா?

உண்மைதான். பெயர் டெப்ரோடுமுமாப். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சேலைன் மாதிரி நரம்பில் ஏற்றுவார்கள். 3 கிழமைக்கு ஒருமுறை, மொத்தம் 8 தடவை. அனுமதிக்கு முன் நடந்த பெரிய ஆய்வில் 83 பேர் இருந்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். 24 கிழமை கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் 83 வீதமானோருக்குக் கண் 2 மில்லிமீற்றராவது உள்ளே போயிருந்தது. மற்றவர்களில் 10 வீதம்தான். 2 மில்லிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நெல்மணியின் அகலம். முகத்தில் அது பெரிய மாற்றம்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தது, நோய் தொடங்கி 9 மாதத்துக்குள், கண் சிவந்து வீங்கிய நிலையில் இருந்தவர்களை. அதனால்தான் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் அடையாள அட்டையை மேசையில் வைக்கச் சொல்வேன். பழைய படத்தையும் முகத்தையும் பார்த்தால் எப்போது தொடங்கியது என்று ஓரளவு பிடிபடும். இன்னொன்று: இந்த மருந்தால் சீனி ஏறலாம், காது மந்தமாகலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

பரந்தனிலிருந்து: இந்தியாவில் இப்படி ஒரு ஆய்வு நடக்குதாம். முற்பணம் கட்டினால் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர்.

கட்டாதீர்கள். ஒழுங்கான ஆய்வு மருந்துக்குக் காசு கேட்காது. அவரிடம் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆய்வுகளைப் பதியும் பொதுப் பதிவேடு உண்டு, யாரும் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். பாதியில் விலகவும் உரிமை உண்டு. விலகினால் கிளினிக்கில் மருந்து தரமாட்டோம் என்று யாராவது சொன்னால், அப்போதே எழும்பி வந்துவிடுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து: ஊசி வேண்டாம், குளுசையாக ஏதும் வராதா?

லின்சிட்டினிப் என்ற குளுசையை ஆய்வில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்குக் கடையில் கேட்டு அலையத் தேவையில்லை.

நெடுங்கேணியிலிருந்து: கனடாவிலிருந்து மச்சாள் செலேனியம் என்ற தாதுச்சத்து அனுப்பியிருக்கிறாள். குடிக்கலாமா?

2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், லேசான கண் நோய் உள்ளவர்களுக்கு 100 மைக்ரோகிராம் நாளுக்கு இரண்டு தடவை, 6 மாதம் கொடுத்ததில் நன்மை தெரிந்தது. ஆனால் அது செலேனியம் கொஞ்சம் குறைவான பகுதிகளில் நடந்த ஆய்வு. நம் சாப்பாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். போத்தலோடு கிளினிக்குக்கு வாங்க, அளவைப் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் பீடி பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். செலேனியம் இருக்கட்டும், முதலில் அதை விடுங்கள் ஐயா. இந்தக் கண் நோயைப் புகை மாதிரி மோசமாக்குவது வேறில்லை.

முள்ளியவளையிலிருந்து: ஒரு கண்ணில் நிறம் மங்கலாகத் தெரியுது. அடுத்த கிளினிக் மாதக் கடைசியில்தான்.

காத்திருக்காதீர்கள். ஒரு கண்ணை மூடிக் குங்குமத்தைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கத்தில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு நசிபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.