பல கேமரா, ஒரே நிறம்: ஒயிட் பேலன்ஸ் கேள்வி பதில்

நேர்காணல், மேடை நிகழ்ச்சி, நேரலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா வைத்துப் படமெடுப்பவர்கள் கேட்டவை இவை. விளக்கின் நிறத்தை ஈடுகட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்புதான் ஒயிட் பேலன்ஸ். மல்டிகேம் ஷூட்டும் கலர் கிரேடிங்கும் (எடுத்த பிறகு நிறத்தைச் சீராக்குவது) என் அன்றாட வேலை என்பதால் பதில்களில் அந்த வாடை அடிக்கும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

சார், என்கிட்ட ஒரு சோனி, ஒரு கேனான் இருக்கு. ரெண்டுலயும் 5600 கெல்வின்தான் வெச்சேன். எடிட்ல போட்டா ஒண்ணுல முகம் பச்சையடிக்குது, இன்னொண்ணுல சிவப்படிக்குது. எண் ஒண்ணுதானே, நிறம் ஏன் மாறுது?

எண் ஒன்றுதான். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்த விளக்கு மஞ்சள், கூடிய விளக்கு நீலம். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒவ்வொரு கேமராவும் செய்யும் கணக்கு வேறு. சென்சாரின் மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் இருக்கின்றன. அவை எந்த அலைநீளத்தை எவ்வளவு விடும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். அதற்குப் பிறகு கம்பெனி தன் ரசனைப்படி நிறத்தைச் சமைக்கிறது. 5600 என்ற எண் 'இந்த அளவு பகல் வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்' என்று கேமராவுக்குச் சொல்லும் உத்தரவு மட்டுமே. உங்கள் அறையில் உள்ள விளக்கு உண்மையில் 5600 தருகிறதா என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று: கெல்வின் நீலம்–மஞ்சள் என்ற ஒரு திசையை மட்டும்தான் சரிசெய்யும். பச்சை–மெஜந்தா என்பது தனித் திசை. மெனுவில் டின்ட் அல்லது ஒயிட் பேலன்ஸ் ஷிஃப்ட் என்ற பெயரில் இருக்கும். நீங்கள் சொல்லும் பச்சை, சிவப்பு வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் திசையில்தான் இருக்கும். கெல்வினை எவ்வளவு திருகினாலும் அது போகாது.

எண்ணை மறந்துவிட்டு இரண்டு கேமராவிலும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள், அதாவது சாம்பல் கார்டு ஒன்றைக் காட்டி வெளிச்சத்தைக் கேமராவையே அளக்கவிடுங்கள். ஒரே கார்டு, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே நேரம். எடுத்த பிறகு ஒரு கேமரா 5200 என்றும் மற்றது 5900 என்றும் காட்டலாம். காட்டட்டும். படம் சேர்ந்தால் போதும்.

கார்டு எங்க பிடிக்கணும்? நான் கேமரா பக்கத்துலயே நின்னு லென்ஸ் முன்னாடி பிடிச்சு எடுத்துடுவேன்.

பேசுபவரின் முகம் இருக்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். கேமரா நிற்கும் இடத்து வெளிச்சம் வேறு, முகத்தில் விழும் வெளிச்சம் வேறு. அவரையே கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார்டின் முகம் கீ லைட்டை, அதாவது முகத்தில் விழும் முதன்மை விளக்கைப் பார்த்து இருக்கட்டும்.

இரண்டு கேமரா இரண்டு கோணத்தில் நிற்கும்போதுதான் சிக்கல். ஏ கேமராவுக்குக் கார்டு நேராக இருக்கும். அதையே பி கேமராவுக்காகத் திருப்பினால் ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் ஏறிவிடும். அப்போது பி கேமரா அளப்பது ஜன்னலை. ஆகவே கார்டைத் திருப்பாதீர்கள். அது கீ லைட்டைப் பார்த்தபடி அசையாமல் இருக்கட்டும், பக்கத்துக் கேமரா ஜூம் செய்து சாய்வாகத் தெரியும் கார்டையே நிரப்பி எடுக்கட்டும். பளபளப்பு இல்லாத மேட் கார்டாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும்.

எக்ஸ்போஷரையும் பாருங்கள். கார்டு வெளுத்துப் போய் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரு சேனல் கிளிப் ஆகியிருந்தால், அதாவது உச்சத்தைத் தொட்டு விவரம் இழந்திருந்தால், அளவு பொய்யாகிவிடும்.

வெள்ளை ஏ4 பேப்பர் வெச்சு எடுத்தா ஆகாதா?

ஆகும், ஆனால் ஒரு விஷயம் தெரிந்து செய்யுங்கள். பேப்பரை வெள்ளையாகக் காட்ட ஆப்டிகல் பிரைட்னர் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். கேமரா அந்த நீலத்தை விளக்கின் நிறம் என்று நினைத்து ஈடுகட்டும். படம் கொஞ்சம் மஞ்சளாகும். வெயிலில் இது அதிகம். சாதாரண எல்.இ.டி.யில் புற ஊதா அநேகமாக இல்லாததால் குறைவு.

எல்லாக் கேமராவும் அதே பேப்பரைப் பார்த்து எடுத்தால் எல்லாம் ஒரே அளவுக்கு மஞ்சளாகும். அதை எடிட்டில் ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம். சரியான நிறம் ஒரு கேமராவில், தப்பான நிறம் இன்னொன்றில் என்று வருவதைவிட, எல்லாம் சேர்ந்து தப்பாக இருப்பது எவ்வளவோ மேல். மல்டிகேமில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அண்ணா, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இப்பல்லாம் நல்லாத்தானே இருக்கு?

ஒரு கேமராவுக்கு நல்லா இருக்கும். இரண்டாவது கேமரா வந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். வைட் ஷாட்டில் மரச்சுவர் தெரிகிறது, குளோசப்பில் நீலச் சட்டை தெரிகிறது; இரண்டு ஆட்டோவும் இரண்டு முடிவுக்கு வரும். பேசுபவர் முன்னால் சாய்ந்தால்கூட ஷாட்டின் நடுவிலேயே நிறம் நகரும். அப்படி நகர்ந்த ஃபுட்டேஜைச் சரிசெய்ய கீஃப்ரேம் போட்டு, அதாவது மாற்றத்தை நேரத்துக்கு நேரம் குறித்துக்கொண்டு, உட்கார வேண்டும்.

கஸ்டம் எடுத்தேன், சாம்பல் கார்டு ரெண்டு கேமராவிலயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு. ஆனா அவர் போட்டிருந்த சிவப்புச் சட்டை ஒண்ணுல ஆரஞ்சு, ஒண்ணுல ரோஸ். இது எப்படி?

மிக நல்ல கவனிப்பு. ஒயிட் பேலன்ஸ் செய்வது சாம்பலைச் சாம்பலாக்குவது, அவ்வளவுதான். மற்ற நிறங்கள் எங்கே போய் உட்காரும் என்பதை சென்சாரும் பிக்சர் ப்ரொஃபைலும் தீர்மானிக்கின்றன. முதலில் ப்ரொஃபைலைப் பாருங்கள். ஒன்று ஸ்டாண்டர்ட், இன்னொன்று விவிட் என்று இருந்தால் சட்டை சேரவே சேராது. இரண்டையும் நியூட்ரல் மாதிரி அடங்கிய ப்ரொஃபைலுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது இரண்டையும் லாக்கில் (நிறத்தைப் பின்னால் சரிசெய்வதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) எடுங்கள்.

அடுத்து விளக்கு. தரம் குறைந்த எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். வெளிச்சத்தில் சில அலைநீளம் குறைந்தும் சில தூக்கியும் இருந்தால், இரண்டு சென்சார் அதை இரண்டு விதமாகப் படிக்கும். பெட்டியில் சி.ஆர்.ஐ (விளக்கில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்ற மதிப்பெண்) 90க்கு மேல் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சராசரி 8 மெல்லிய நிறங்களை வைத்துக் கணக்கிட்டது. அழுத்தமான சிவப்பைச் சோதிக்கும் ஆர்9 அதில் சேராது. ஆகவே ஆர்9 மதிப்பைத் தனியாகத் தேடிப் பாருங்கள். கேமரா சென்சாரை மனதில் வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் கொண்டுவந்த டி.எல்.சி.ஐ என்ற அளவு இருந்தால் இன்னும் நல்லது. புதுக் கேமரா வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: நிறம் சேரவில்லை என்பதுதான் காரணம் என்றால் முதலில் விளக்கை மாற்றுங்கள்.

24 கட்டம் போட்ட கலர் செக்கர் வாங்கலாமா?

வாங்கலாம். 1976ல் வந்த வடிவம், இன்றும் அதேதான் தரம். சாம்பல் கார்டு சொல்லாததை, அதாவது சட்டை ஏன் ரோஸ் ஆனது என்பதை, இது சொல்லும். ஷூட் தொடங்கும்போது எல்லாக் கேமராவும் அதைச் சில நொடி பதிவு செய்துகொள்ளட்டும். விளக்கை மாற்றினால் மறுபடியும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் உள்ள கலர் மேட்ச் இந்தக் கட்டங்களை வைத்து முதல் கட்டச் சரிசெய்தலைச் செய்துதரும். அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளாமல், முகத்தைப் பார்த்துக் கையால் முடியுங்கள்.

ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் பல்பு. ஏ கேமரா ஜன்னல் பக்கம் பாக்குது, பி கேமரா பல்பு பக்கம். எதுக்கு பேலன்ஸ் பண்றது?

எதற்குப் பண்ணினாலும் இன்னொன்று கெடும். இது கேமராவில் தீரும் பிரச்சினை இல்லை, விளக்கில்தான் தீர வேண்டும். முடிந்தால் பல்பை அணைத்துவிட்டு ஜன்னல் நிறத்துக்கு ஒத்த எல்.இ.டி வையுங்கள். பல்பு வேண்டுமென்றால் ஜன்னல் கண்ணாடியில் ஃபுல் சி.டி.ஓ ஜெல் (ஆரஞ்சு நிற வடிகட்டித் தாள்) ஒட்டுங்கள். பகல் வெளிச்சம் கிட்டத்தட்ட 3200க்கு இறங்கிவிடும். ஒன்றுமே முடியாதென்றால் முகத்தில் எது அதிகம் விழுகிறதோ அதற்கு எல்லாக் கேமராவையும் பூட்டுங்கள். பின்னணி மஞ்சளாகப் போனால் பார்ப்பவர் பொருட்படுத்த மாட்டார். முகம் ஷாட்டுக்கு ஷாட் மாறினால் உடனே உறுத்தும்.

200 கெல்வின் வித்தியாசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?

எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வருவது மைரெட். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்தை இந்த எண்தான் ஒழுங்காகச் சொல்லும். 2800க்கும் 3000க்கும் இடையே 24 மைரெட் வருகிறது, பளிச்சென்று தெரியும். 6000க்கும் 6200க்கும் இடையே 5 சொச்சம்தான். மஞ்சள் விளக்கில் வேலை செய்யும்போது சின்னத் திருகலும் பெரிதாகும் என்று நினைவில் வையுங்கள்.

வேரியபிள் என்.டி ஃபில்டர் போட்டா கலர் மாறுதே?

மாறும். என்.டி என்பது லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி. ஃபில்டரைப் போட்ட பிறகு, ஷூட்டில் வைக்கப்போகும் அதே அளவில் வைத்து பேலன்ஸ் எடுங்கள். அடர்த்தியான என்.டி.யில் அகச்சிவப்புக் கதிர் கசிந்து கறுப்புத் துணி பழுப்பாகத் தெரியும். அதற்கு ஒயிட் பேலன்ஸ் மருந்தில்லை, ஐ.ஆர் தடுக்கும் என்.டி.தான் வேண்டும்.

அக்கா ஒருத்தங்க போனை மூணாவது கேமராவா வெச்சுக்கச் சொன்னாங்க. சேருமா?

சேரும், சில நிபந்தனைகளோடு. மேனுவல் கட்டுப்பாடு தரும் ஆப்பில் ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் அதற்குப் போதும். எச்.டி.ஆர் வீடியோவை அணையுங்கள். முகத்தை அழகாக்கும் வசதி எதுவும் ஓடக்கூடாது. முக்கியமாக, எடிட்டில் போனை மற்றதோடு சேர்க்கப் பார்க்காதீர்கள். போனோ கோப்ரோவோ, எது வளைந்து கொடுக்காதோ அதை இலக்காக வைத்து, வளையக்கூடிய பெரிய கேமராவை அதன் பக்கம் கொண்டுவாருங்கள். நிறப் படிகள் குறைந்த 8-பிட் கோப்பை இழுத்தால் கிழியும், படிகள் அதிகமுள்ள 10-பிட் தாங்கும்.

மேடை நிகழ்ச்சி. எல்.இ.டி பார் நீலம், ரோஸ்னு மாறிக்கிட்டே இருக்கு. கார்டு வெச்சு எடுக்கவே வழியில்ல.

கலர் லைட்டுக்கு பேலன்ஸ் எடுக்கக் கூடாது. எடுத்தால் லைட்டிங் ஆள் போட்ட நீலத்தையே அழித்துவிடுவீர்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் அவரிடம் பேசி முன்பக்க வெள்ளை விளக்கை, அல்லது ஃபாலோ ஸ்பாட்டை மட்டும் எரியவிடச் சொல்லுங்கள். அதற்கு எல்லாக் கேமராவையும் பூட்டிவிட்டு நிகழ்ச்சி முடியும்வரை கை வைக்காதீர்கள்.

நேரலைல எடிட் கிடையாதே. எப்படி மேட்ச் பண்றது?

முதலில், ஒவ்வொரு கேமராவின் சின்னத் திரையையும் பார்த்து முடிவெடுப்பதை நிறுத்துங்கள். அந்தத் திரைகளே ஒன்றோடொன்று சேராது. எல்லா சிக்னலும் ஸ்விட்சர் (கேமராவுக்குக் கேமரா மாற்றும் கருவி) வழியாக ஒரே மானிட்டருக்கு வரட்டும். ஸ்விட்சரில் வைப் டிரான்சிஷனைப் பாதியில் நிறுத்தினால் திரையின் இடது பாதி ஒரு கேமரா, வலது பாதி இன்னொன்று. இரண்டும் ஒரே கார்டைக் காட்டட்டும். நடுக்கோட்டில் சாம்பல் எங்கே உடைகிறது என்று தெளிவாகத் தெரியும்.

வரிசை முக்கியம். ஐரிஸ் (லென்ஸ் திறப்பு) முதலில், பிறகு கறுப்பு, அதன் பிறகுதான் வெள்ளை. எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் மாறியிருந்தாலே முகத்தின் நிறம் மாறியது போலத் தோன்றும். அதை நிறத்தில் சரிசெய்யப் போனால் முடிவே கிடையாது. ஆர்.ஜி.பி பரேடு (சிவப்பு, பச்சை, நீல அளவைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) இருந்தால் கார்டின் மூன்று கோடும் ஒரே உயரத்தில் வரும்வரை சிவப்பு, நீல கெயினைத் திருகுங்கள்.

சாயங்காலம் வெளிப்புற ஷூட், வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுது. அடிக்கடி பேலன்ஸ் எடுக்கலாமா?

எடுத்தால் எல்லாக் கேமராவும் ஒரே இடைவேளையில் சேர்ந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுப்பதைவிட யாரும் எடுக்காமல் இருப்பது நல்லது. அந்தி மஞ்சளாகத்தான் இருக்கும், அதைப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார்.

எல்லாம் எடுத்து முடிச்சாச்சு, கார்டும் இல்ல, ரெண்டு கேமராவும் சேரல. இனிமே வழி உண்டா?

உண்டு. ஷாட்டிலேயே சாம்பலோ வெள்ளையோ தேடுங்கள்: சட்டைக் காலர், சுவர், மைக் ஸ்டாண்டின் உலோகம். இரண்டு கேமராவிலும் தெரியும் ஒரே பொருளாக, ஒரே வெளிச்சத்தில் இருப்பதாக இருக்க வேண்டும். முதலில் இரண்டின் வெளிச்ச அளவையும் சமமாக்குங்கள். பிறகு அந்தப் பொருளை மட்டும் பரேடில் பார்த்து ஆர்.ஜி.பி கெயினைத் திருகுங்கள். லாக் ஃபுட்டேஜாக இருந்தால் ரிசால்வில் அந்த நோடின், அதாவது திருத்தப் படியின், காமாவை லீனியர் ஆக்கிவிட்டு கெயினைத் திருகினால், கேமராவிலேயே ஒயிட் பேலன்ஸ் மாற்றியதற்கு மிக அருகில் வரும். நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் ஒரு நிறம் என்று பிரியாது. கடைசியில் வெக்டர்ஸ்கோப்பில் (நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் வட்ட வரைபடம்) ஸ்கின் டோன் கோட்டை வைத்து இரண்டு முகமும் அதன் அருகே ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் சிவப்பு, ஆரஞ்சு ஹியூவை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள். ரா ஃபைல் (சென்சார் தந்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) எடுத்திருந்தால் இவ்வளவும் வேண்டாம். கெல்வினையும் டின்டையும் ரா பேனலில் மாற்றினாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும்.