முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவில்

அன்புள்ள அண்ணன்,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவன். பின்னேரம் கரப்பந்தாட்டம் முடிந்து நாங்கள் இருந்து கதைக்கிற இடத்தில் கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான், இன்றைய உலகின் தலைசிறந்த விளையாட்டு வீரர்கள் என்று ஒரு பட்டியலை வட்சப்பில் அனுப்பியிருந்தார். கூடைப்பந்து, பேஸ்போல், அமெரிக்கன் புட்போல் ஆட்கள்தான் மேலே: யோக்கிச், ஒஹ்டானி, மஹோம்ஸ். பும்ராவின் பெயர் கடைசி வரைக்கும் இல்லை. “நூறு கோடிப் பேர் பார்க்கிற விளையாட்டை விட்டுப்போட்டு என்ன பட்டியல்?” என்று கேட்டேன். “பத்துப் பன்னிரண்டு நாடு விளையாடுறதை உலக விளையாட்டு எண்டு சொல்லாத” என்று மச்சான் சொல்லிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேறு வேறு விளையாட்டுக்காரரை ஒப்பிட ஒரு முறை இருக்கிறதா? இருந்தால் உங்கள் கணக்கில் இன்று முதல் ஆள் யார்? நழுவாமல் சொல்ல வேணும்.

ச., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள ச.,

நழுவ மாட்டேன், பெயர் சொல்லியே எழுதுகிறேன். அதற்கு முதல் உங்கள் இருவருக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

மச்சான் அனுப்பிய பட்டியலைப் போட்டவர்கள், எங்கே காசு புரள்கிறதோ அதுதான் பெரிய விளையாட்டு என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஆள் தேடியிருக்கிறார்கள். நீங்கள் காசுக்குப் பதிலாகக் கூட்டத்தை வைக்கிறீர்கள். ரிவிக்கு முன்னால் இருக்கிற நூறு கோடிப் பேரில் ஒருவரும் பும்ராவோடு போட்டி போடவில்லை. அந்தத் தொகையைக் கொண்டு பும்ராவின் திறமையை அளக்க முடியாது.

நான் பார்ப்பது வேறு. ஈட்டி எறிகிறவரையும் பந்து வீசுகிறவரையும் நேருக்கு நேர் நிறுத்த வழியில்லை. ஆனால் அவரவர் விளையாட்டில் இரண்டாவது ஆளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்க்கலாம். அது மட்டும் போதாது. அந்த இரண்டாவது ஆள் எத்தனை பேரை முந்தி அந்த இடத்துக்கு வந்தவர் என்றும் கேட்க வேண்டும். ஒரு விளையாட்டின் வாசல் எவ்வளவு அகலம், அதற்குள் நுழைந்து பார்க்க உலகத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் என் பட்டியல்.

தூரத்தை மட்டும் எடுத்தால் இன்றைக்குக் கேள்வியே இல்லை. சுவீடனின் ஆர்மண்ட் டுப்லான்டிஸ். கோலூன்றிப் பாய்தலில் 2020இல் 6.17 மீற்றர் தாண்டி உலக சாதனையைக் கைப்பற்றியவர், 2025 செப்டெம்பரில் தோக்கியோவில் அதை 6.30க்குக் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு சென்ரிமீற்றர்தான் கூட்டுவார். ஒவ்வொரு சாதனைக்கும் தனியாகப் பணம் உண்டு என்பதால் ஆள் கெட்டிக்காரத்தனமாகச் சில்லறை மாற்றுகிறார்! பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 6.25 தாண்டியபோது வெள்ளி எடுத்தவர் நின்றது 5.95இல். முப்பது சென்ரிமீற்றர் இடைவெளி.

ஆனால் வாசலைப் பாருங்கள். டுப்லான்டிஸ் வளர்ந்தது அமெரிக்காவின் லூசியானாவில். தகப்பனும் கோலூன்றிப் பாய்கிறவர். வீட்டுக் கொல்லையிலேயே மகனுக்குப் பாய்ச்சல் தளம் அமைத்துக் கொடுத்தார். பட்டிருப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் எத்தனை பாடசாலையில் வளைகிற கோலும் விழுவதற்கு மெத்தையும் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முறியடித்தவர் என்பது எனக்கு டுப்லான்டிஸின் 6.30ஐவிட வியப்பு. அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது வேறு விடயம். டுப்லான்டிஸுக்கு நாலாமிடம்.

(லூசியானா என்றதும் மட்டக்களப்புக்காரருக்கு வேறு ஞாபகம் வரும். நமக்குக் கூடைப்பந்து பழக்கியவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருமார். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரின் பெயரில் நிற்கிறது. இன்னொருவர் லூசியானாக்காரரான யூஜின் ஹேபர்ட் அடிகள். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைக் கூடைப்பந்தில் வளர்த்தெடுத்தவர். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும் வழியில் காணாமற்போனார். ஆகவே இந்த ஊரில் இருந்துகொண்டு கூடைப்பந்தைக் குறைத்துப் பேச எனக்கு ஒண்ணாது. யோக்கிச்சுக்குப் பிறகு வருகிறேன்.)

அகலமான வாசல் எது? எல்லோரும் உதைபந்தாட்டம் என்பார்கள். நான் ஓட்டம் என்பேன். இல்ல விளையாட்டுப் போட்டி நடக்காத பாடசாலை நம் பக்கத்தில் இல்லை. அந்த வெயிலில், சுண்ணாம்புக் கோட்டில், சப்பாத்து இல்லாமல், ஒரு தடவையாவது ஓடிப் பார்க்காத பிள்ளை குறைவு. கென்யாவிலும் எதியோப்பியாவிலும் கேட்கவே வேண்டாம். உலகத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கழித்துவிடுகிற விளையாட்டு இது ஒன்றுதான். அத்தனை பேரைக் கழித்த பிறகும் ஒருவர் தனியே நிற்கிறார் என்றால் அவர்தான் என் முதல் ஆள்.

பெயித் கிப்யெகொன், கென்யா. 1500 மீற்றர். மச்சானின் பட்டியலில் இவர் இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

2011இல் கனிஷ்டர்களுக்கான உலக நாடுசார் (குறொஸ் கன்றி) ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தவர். ரியோ, தோக்கியோ, பாரிஸ் என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கம், ஒரே தூரத்தில். அதே தூரத்தில் உலக சம்பியன் பட்டம் நான்கு. 2023 வரைக்கும் எந்தப் பெண்ணும் 1500 மீற்றரை 3 நிமிடம் 50 செக்கனுக்குள் ஓடியதில்லை. அவர் ஓடினார். பிறகு அதையே 2024இல் ஒரு தடவை, 2025இல் ஒரு தடவை குறைத்து 3:48.68க்குக் கொண்டுவந்தார். 2025 முடியும் வரைக்கும் அந்த 50 செக்கன் கோட்டுக்கு உள்ளே வேறு எவரும் வரவில்லை. தோக்கியோ உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் இரண்டாவது ஆள் இரண்டரை செக்கனுக்கு மேல் பின்னால் வந்தார். நடுத்தூர ஓட்டத்தின் உலக இறுதியில் முதல் நாலு பேர் ஒரு செக்கனுக்குள் வந்து சேர்வதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு வயல் அகலம்.

அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது அவர் தோற்ற ஓட்டம். 2025 ஜூன் 26 அன்று பாரிஸில், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிக் காட்ட முயன்றார். வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்கள், காற்றைக் கிழிக்க விசேட உடை எல்லாம் இருந்தும் 4:06க்குச் சற்று மேல்தான் வந்தது. சாதனைப் பட்டியலில் ஏறாத ஓட்டம், குறித்த இலக்கும் கைகூடவில்லை. ஒன்பது நாள் கழித்து அமெரிக்காவின் யூஜீனில் இறங்கி, மேலே சொன்ன 3:48.68ஐ ஓடினார். உலகமே பார்க்க விழுந்தவர் அடுத்த கிழமையே சாதனையோடு எழும்புவதை வேறு எந்த விளையாட்டில் பார்த்தோம்?

ஒரு மறுப்பு வரும், அதை நானே சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகளுக்கு அந்த வாசல் முழுக்கத் திறந்தா கிடக்கிறது? வலய மட்டத்தில் 14 வயதுப் பிரிவில் முதலாவதாக வந்த பிள்ளை 18 வயதுப் பிரிவில் ஏன் வரவில்லை என்று எந்த விளையாட்டாசிரியரையும் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை, ரியூஷன், “இனி என்ன ஓட்டம்” என்கிற வீட்டுக் கதை. மாகாண மட்டத்துக்குப் போக வேண்டிய கால்கள் அடுப்படியில் நின்றுவிடுகின்றன. உண்மைதான், பாதி வாசல்தான் திறந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாதியே பேஸ்போலின் முழு வாசலைவிடப் பெரிது. கிப்யெகொன் 2018இல் பிள்ளை பெற்றவர். அவருடைய உலக சாதனைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இனி உங்கள் பும்ரா. அவரை இரண்டாவதாக வைக்கிறேன். ஊர்ப்பாசம் இதில் கொஞ்சம் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் மச்சானின் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கதைக்குப் பதில் இதுதான்: நாடுகளை எண்ணாதீர்கள், பிள்ளைகளை எண்ணுங்கள். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை ஆகிய நாலு நாட்டிலும் ஒழுங்கை ஒழுங்கையாகப் பையன்கள் பந்து வீசுகிறார்கள். கல்லடிக் கடற்கரை மணலில் மென்பந்து போடுகிற பையன் கடினபந்தைத் தொட்டிருக்க மாட்டான், ஆனால் வேகமாக வீச முடியுமா என்று தன்னைத் தானே சோதித்துவிட்டான். பும்ராவே வீட்டுக்குள் தாய்க்குச் சத்தம் கேட்காமல், சுவரும் நிலமும் சேருகிற மூலையைப் பார்த்துப் பந்து போட்டு யோக்கர் பழகியவர் என்பது எல்லோரும் அறிந்த கதை.

தூரமும் அவரிடம் இருக்கிறது. டெஸ்டில் 200 விக்கெட்டை அவர் எட்டியபோது சராசரி 20க்குக் கீழே. 200 விக்கெட் எடுத்த வேறு எவருக்கும் அந்த இலக்கம் இல்லை. 2024-25இல் அவுஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டில் 32 விக்கெட், சராசரி 13.06. அந்தத் தொடரை இந்தியா 3-1 என்று தோற்றது! தோற்கிற அணியில் இருந்துகொண்டு தொடரின் சிறந்த ஆளாக நிற்பது எப்படிப்பட்ட தனிமை என்று யோசியுங்கள்.

மச்சான் கெட்டிக்காரராக இருந்தால் 2025 இங்கிலாந்துத் தொடரை எடுப்பார். அதில் பும்ரா ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடினார். இந்தியா வென்ற இரண்டும், எஜ்பஸ்டனும் ஓவலும், அவர் ஆடாதவை. அதைக் கேட்டால் வாய் மூடிவிடாதீர்கள். சிராஜும் ஆகாஷ் தீப்பும் நன்றாகப் போட்டார்கள் என்றுதான் அதற்குப் பொருள். முதுகு பழுதாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய உடம்பு அவருடையது என்பது மட்டும் உண்மையான குறை. அதனால்தான் இரண்டாமிடம்.

ஒஹ்டானியை நம் ஆட்களுக்கு இப்படிச் சொல்லலாம்: அணியின் முதல் ஓவரைப் போடுகிறவரே முதல் துடுப்பாட்டக்காரராகவும் இறங்குகிறார், இரண்டிலும் அவர்தான் முதல்தரம். கிரிக்கெட்டில் சகலதுறை ஆட்டக்காரர் சாதாரணம். பேஸ்போலில் எறிகிறவரும் அடிக்கிறவரும் வேறு வேறு தொழில். 2025 ஒக்டோபர் 17 அன்று மில்வோக்கி அணிக்கு எதிராக முதலில் எறிந்து மூன்று பேரை ஆட்டமிழக்க வைத்தார். வந்து மட்டையைப் பிடித்து முதல் ஆளாக ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்தார். அன்று முடியும்போது பத்துப் பேரை எறிந்து வீழ்த்தியிருந்தார், மூன்று ஹோம் ரன் அடித்திருந்தார். அவருக்கும் இரண்டாவது ஆளுக்கும் உள்ள தூரத்தை அளக்கவே வழியில்லை, இரண்டாவது ஆள் இல்லை. இருந்தும் மூன்றாவதாகத்தான் வைப்பேன். வாசல் காரணம்.

யோக்கிச் ஐந்தாவது. செர்பியாவின் சொம்போர் என்ற ஊர்க்காரர். 2014இல் அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் அணிகள் புது ஆட்களைத் தெரிவுசெய்த நாளில் அவரை 41ஆவது ஆளாக எடுத்தபோது ரிவியில் ஒரு சாப்பாட்டுக் கடை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது, பெயரை எவரும் கேட்கவில்லை. 2024-25 பருவத்தில் புள்ளி, மீட்பந்து, கைமாற்றம் மூன்றிலும் சராசரி இரட்டை இலக்கம். மூன்றிலும் முழு லீக்கின் முதல் மூன்று பேருக்குள் நின்றார், அதற்கு முன்னர் எவரும் செய்யாதது. ஆனால் அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டருக்குப் போனது. இரண்டாவது ஆள் முதுகுக்குப் பின்னாலேயே மூச்சு விடுகிறார்.

என் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது: நல்ல எதிராளி கிடைத்தவரை அது தண்டிக்கிறது. டென்னிஸில் 2024, 2025 இரண்டு வருடத்து எட்டு ஆண்கள் கிராண்ட் ஸ்லாமையும் அல்கராஸும் சின்னரும் நாலு நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். 2025 பிரெஞ்சு இறுதியில் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள். சின்னர் பிறந்திருக்காவிட்டால் அல்கராஸை எங்கே வைத்திருப்பேன்? மூன்றாவது ஆளிலிருந்து அளந்தால் இருவரும் மேலே ஏறுவார்கள். ஏற்றத்தான் வேண்டும் என்று எவராவது எழுதினால் சண்டை போட மாட்டேன்.

மஹோம்ஸின் விளையாட்டு ஒரு நாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. கார்ப்பந்தயக்காரர் வெர்ஸ்டாப்பனுக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது. சைக்கிளோட்டக்காரர் பொகாச்சர் லொம்பார்டிப் பந்தயத்தை 2021 முதல் ஐந்து வருடம் விடாமல் வென்றவர், டூர் டி பிரான்ஸ் 2025 வரைக்கும் நாலு தடவை. ஆனால் வீதிச் சைக்கிளோட்ட உலகப் போட்டி ஆபிரிக்க மண்ணுக்கு வந்ததே 2025இல் கிகாலியில்தான். அந்த வாசல் இப்போதுதான் அசைகிறது.

இலங்கைப் பெண்கள் கிரிக்கெட்டின் சமரி அத்தபத்துவை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் 302 ஓட்டத்தைத் துரத்தியபோது ஆட்டமிழக்காமல் 195. அணி எடுத்த ஓட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட அவருடைய மட்டையிலிருந்து வந்தது. ஆறாவது இடம் ஒன்று இருந்தால் அவரும் பொகாச்சரும் அதற்கு அடிபட வேண்டும். என் வாக்கு யாருக்கு என்று மச்சானுக்கே விளங்கும்.