ரத்தத்தில் இருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

8ஆம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணக்கில் பின்தங்குகிறான். “அப்பனுக்கும் வரவில்லை, இவனுக்கும் வராது, அதெல்லாம் ரத்தத்தில் இருக்க வேண்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் அவன் காதுபடவே பேசுகிறார்கள். உயரத்தில் 80 விழுக்காடு பரம்பரை என்று படித்தேன். அறிவில் பரம்பரை எவ்வளவு, சூழல் எவ்வளவு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்த எண் பிழையன்று. ஆனால் அது தனியொருவரைப் பங்குபோடும் கணக்கு அன்று. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் உயர வேறுபாட்டில் எவ்வளவு பகுதி மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதையே அது சொல்கிறது. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும், சராசரி உயரமும் மாறும். 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரமானவர்கள். நூறாண்டில் மரபணுக்கள் அவ்வளவு மாறுவதில்லை. மாறியது உணவும் சுகாதாரமும்தான்.

பரம்பரை என்றாலே மாற்ற முடியாதது என்னும் எண்ணம்தான் என்னை வருத்துகிறது. 1934இல் நார்வேயில், பிறந்தபோது நன்றாக இருந்து பின்பு மனவளர்ச்சி குன்றிப்போன தன் இரு குழந்தைகளுக்காக ஒரு தாய் மருத்துவர் மருத்துவராக அலைந்து, இறுதியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் வந்தார். அக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து அவர் கண்டறிந்த நோயே பினைல்கீட்டோனூரியா. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால், புரதத்திலுள்ள பினைல் அலனினைச் சிதைக்கும் நொதி செயல்படாமல், அப்பொருள் உடலில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. இதைவிடத் தெளிவான பரம்பரை நோய் வேறு வேண்டுமா? ஆயினும் 1950களில் இதற்கென, பினைல் அலனின் குறைந்த உணவுமுறை உருவானது. 1960களில், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்திலேயே நோயை அறியும் சோதனையை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கத்ரி பரவலாக்கினார். முதல் சில வாரங்களுக்குள் உணவைக் கட்டுப்படுத்தத் தொடங்கி அதை விடாமல் கடைப்பிடித்தால், அதே மரபணுவோடு அக்குழந்தை மற்றவர்களைப் போலவே படித்து வளர்கிறது. இங்கே எத்தனை விழுக்காடு மரபணு, எத்தனை விழுக்காடு உணவு என்று எப்படிப் பிரிப்பது?

கணக்குக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. ஆனால் “இவனுக்கு வராது” என்று அன்றாடம் காதில் விழும் சொல், உங்கள் மகன் வளரும் சூழலின் ஒரு பகுதி. பெரியவர்களிடம் பணிவாக எடுத்துச் சொல்லி முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு, பின்னத்திலா, குறை எண்களிலா, எந்த இடத்தில் அவனுக்குப் புரியாமல் போனது என்று பழைய பாடநூல்களை எடுத்து அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.