இருபது பவுண்டு போதாதா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் ரோட்ரி, ஆட்டங்களின் எண்ணிக்கை இப்படிக் கூடிக்கொண்டே போனால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க வேண்டிவரும் என்று சொன்னார். அவரை ஆதரித்து நீங்கள் எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. என் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைக்குப் போகாத நாட்களில் எங்கள் வீட்டில் கடைக்காரரிடம் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினோம். வாரத்துக்குக் கோடிக்கணக்கில் வாங்குகிறவர்கள் அதே ஆயுதத்தை எடுத்தால் கோபம்தான் வருகிறது. பணம் போட்டவர் முதலாளி, நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தான். ஆட்டக்காரர்களுக்கு இப்படிக் கொட்டிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதானே சின்ன ஊர் அணிகள் தலையெடுக்க முடியாமல் போயின?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்வியை 1960-ல் ஓர் இளம் ஆட்டக்காரரே கேட்டிருக்கிறார், அதுவும் கால்பந்து வீரர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று. அன்று இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சீசனில் வாரம் 20 பவுண்டு, கோடையில் 17 பவுண்டு. அதற்கு மேல் தரக்கூடாது என்று லீக் விதி வைத்திருந்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வதா என்று முடிவெடுக்க வீரர்கள் மான்செஸ்டரில் கூடியிருந்தார்கள். அந்த இளைஞரின் அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. என் அப்பா வாரம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து 10 பவுண்டு கொண்டுவருகிறார், பந்து விளையாடும் எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கிறது, இதற்குமேல் கேட்பது அடுக்குமா என்றார் அவர்.

அதற்குப் பதில் சொன்னவர் போல்டன் அணியின் டாமி பேங்க்ஸ். அதே கூட்டத்தில் பிளாக்பூலின் ஸ்டான்லி மேத்யூஸும் இருந்தார். மேத்யூஸ் வலது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோகிறவர், பேங்க்ஸ் இடது பின்வரிசை. இரண்டு அணிகளும் மோதும்போதெல்லாம் அந்த மனிதரைத் தடுத்து நிறுத்துவது பேங்க்ஸின் பொறுப்பு. நாளைக்கு உன் அப்பாவின் ஷிப்டை நான் பார்த்துக்கொள்கிறேன், சனிக்கிழமை இத்தனை ஆயிரம் பேர் பார்க்க இந்த மேத்யூஸை அவர் தடுத்து ஆடட்டும் என்றார் பேங்க்ஸ். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. ஆனாலும் இது பாதிப் பதில்தான் என்று நினைக்கிறேன். அரிய திறமைக்கு அதற்குரிய விலை உண்டு என்பதை மட்டும்தான் பேங்க்ஸ் சொன்னார். சண்டையின் மறுபாதி பணத்தைப் பற்றியதே அல்ல. 1890-களிலிருந்தே அங்கே ஒரு விதி இருந்தது. ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், அவரை விட விருப்பமில்லை என்று கிளப் பட்டியலில் எழுதிவிட்டால் அவர் லீக்கில் வேறெந்த அணிக்கும் ஆட முடியாது. கிளப் நீட்டும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளமும் கிடையாது. உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது குறைந்த கூலி. ஆனால் ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இருக்கும் கம்பெனியில் போய்ச் சேர அவர் பழைய முதலாளியிடம் அனுமதி கேட்டு நின்றிருக்க மாட்டார். மேத்யூஸ் நின்றாக வேண்டியிருந்தது.

நியூகாசில் அணிக்கு ஆடிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாமுக்கு நடந்ததைப் பாருங்கள். கிளப் கொடுத்த வீடு குடியிருக்கத் தகுந்ததாக இல்லை என்பது அவருடைய மனக்குறைகளில் ஒன்று. 1960 கோடையில் ஒப்பந்தம் முடிந்ததும், வேறு அணிக்குப் போகிறேன் என்றார். கிளப் மறுத்தது. அவரும் கையெழுத்துப் போடவில்லை. சம்பளம் நின்றது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், தெற்கே சர்ரே பகுதிக்குப் போய்த் தெரிந்தவர் ஒருவரின் நிறுவனத்தில் தக்கை விற்றுக்கொண்டிருந்தார். அக்டோபரில் நியூகாசில் இறங்கிவந்து அவரை ஆர்சனலுக்கு 47,500 பவுண்டுக்கு விற்றது. மாதக்கணக்கில் ஒரு காசு கொடுக்காத மனிதருக்கு அவ்வளவு விலை வாங்க அந்த விதி கிளப்புக்கு இடம் கொடுத்தது.

கேட்டது கிடைத்துவிட்டது, ஈஸ்ட்ஹாம் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார்.

இதற்கிடையே சங்கத் தலைவர் ஜிம்மி ஹில்லும் செயலாளர் கிளிஃப் லாய்டும் 1961 ஜனவரி 21 அன்று வேலைநிறுத்தம் என்று நாள் குறித்திருந்தார்கள். நாள் நெருங்க நெருங்க லீக் இறங்கிவந்து 20 பவுண்டு வரம்பைக் கைவிட்டது. ஒப்பந்த விதியையும் மாற்றுவதாகத் தொழிலாளர் அமைச்சகத்தில் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் கைவிடப்பட்டதும் அந்தப் பகுதியை மட்டும் கிளப்புகள் நிறைவேற்றவில்லை. சம்பளத்தில் விட்டுக்கொடுத்தவர்கள், ஆளைப் பிடித்துவைக்கும் உரிமையை விட மறுத்தார்கள் என்றால் அவர்களுக்கு எது பெரிதாக இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. அதை உடைக்க 1963-ல் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்வதற்கு இது நியாயமற்ற தடை என்று சொன்ன நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழிவந்தவர். வீரர்கள் அந்த ஒப்பந்தத்தை அடிமை ஒப்பந்தம் என்றுதான் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர் பணப்பரிமாற்றம் இல்லாமலே வெளியேறலாம் என்ற நிலை வர, பெல்ஜியத்தின் போஸ்மன் என்ற ஆட்டக்காரர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அந்த வழக்கிலேயே அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துபோனது.

சம்பளம் கோடியைத் தொட்டதால்தான் உங்களால் இவர்களை ஆதரிக்க முடியவில்லை என்கிறீர்கள். கோடிகள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? உச்சவரம்பு வாரம் 4 பவுண்டாக இருந்த 1909-ல், வீரர்கள் சங்கத்தை விட்டு விலகாத ஆட்டக்காரர்களை, ஆட்டத்தை நிர்வகித்த ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் இடைநீக்கம் செய்தது. விலக மறுத்தவர்கள் அதே ஆண்டு கோப்பை வென்ற மான்செஸ்டர் யுனைடெட் அணியினர். அவர்களில் பில்லி மெரிடித் சிறுவனாக வேல்ஸில் சுரங்க வேலைக்குப் போனவர். அந்தக் கோடையில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கோப்பை வென்றவர்கள் வரிசையாக இருக்க, முன்னால் ஒரு பலகை: 'ஒதுக்கப்பட்டோர் கால்பந்துக் கிளப், 1909'. பேராசைக்காரர்கள் என்ற வசவு அன்றும் அவர்கள் மேல் விழுந்தது.

முதலாளிகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் ஒரு பங்கை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கால இங்கிலாந்தில் கிளப் நடத்தியவர்கள் பலர் உள்ளூர் வியாபாரிகள், கட்டட ஒப்பந்தக்காரர்கள். பங்கு ஈவுத்தொகை 7.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி அவர்களுக்கும் இருந்தது. கைக்காசைப் போட்டுக் கிளப்பைக் காப்பாற்றியவர்கள் உண்டு. வரம்பை எடுத்தால் பணக்கார அணிகள் எல்லா ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று அவர்கள் அஞ்சியது பொய்யான அச்சமல்ல.

ஆனால் நடந்த கதை வேறு. வரம்பு போன மறு ஆண்டே, 1962-ல், லீக் பட்டம் இப்ஸ்விச் என்ற சின்ன ஊருக்குப் போனது. டெர்பி 1972-லும் 1975-லும் வென்றது, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1978-ல் வென்றது. அதுவரை சொந்த மைதானத்தில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் வந்து ஆடும் அணிக்கும் ஒரு பங்கு உண்டு. 1983-ல் அதை நிறுத்தி, வசூல் முழுவதும் உள்ளூர் அணிக்கே என்று ஆக்கினார்கள். 1992-ல் பெரிய கிளப்புகள் தொலைக்காட்சிப் பணத்தைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள பிரீமியர் லீக் என்று தனியே போயின. இந்த இரண்டையும் தீர்மானித்தது ஆட்டக்காரர்கள் அல்ல, கிளப்புகள். சின்ன ஊர்களுக்காக நீங்கள் படும் வருத்தம் எனக்கும் உண்டு. அதற்கான பழியை ஈஸ்ட்ஹாம் மேல் போடாதீர்கள்.

ரோட்ரி கேட்டது சம்பளம் அல்ல. அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டம் 6 ஆட்டத்திலிருந்து 8 ஆனது. அது முடிந்த கோடையில் 32 அணிகள் ஆடும் கிளப் உலகக் கோப்பை வந்தது. ஆடப்போகிறவர்களின் ஒப்புதல் இல்லாமல் அட்டவணை போடப்பட்டதாக உலக வீரர்கள் சங்கத்தின் ஐரோப்பியப் பிரிவு ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. ரோட்ரி பேசிய அதே வாரத்தில், ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. கோடி வாங்குகிறவர் என்பதால் அவர் முழங்கால் மற்றவர்களுடையதைவிடத் தாங்கும் என்று ஆகிவிடுமா?

கால்பந்து ஆடிப் பிழைக்கிறவர்களில் ரோட்ரிகள் மிகச் சிலர். அதே உலகச் சங்கம் 54 நாடுகளில் ஆட்டக்காரர்களைக் கேட்டு 2016-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 45 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களின் மாத வருமானம் 1,000 டாலருக்குக் கீழே. 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. உங்கள் வீட்டுக் கடைக்காரர் கணக்கு அவர்கள் வீட்டிலும் இருக்கும்.

2023 செப்டம்பரில் ஸ்பெயினின் பெண்கள் லீக் வேலைநிறுத்தத்தோடுதான் தொடங்கியது. ஆண்டுக்கு 16,000 யூரோ என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தக் கேட்டு முதல் சுற்றில் யாரும் ஆடவில்லை. அதன் பிறகு அது 21,000 யூரோவாக உயர்ந்தது. மைதானத்துக்கு வராதவர்களில் மூன்று வாரத்துக்கு முன்னால் உலகக் கோப்பை வென்று திரும்பியிருந்த பார்சிலோனா ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். அந்த 16,000 அவர்களுடைய சம்பளம் அல்ல.